கணினி சொல்லும் மழையும் நம் வயலில் விழும் மழையும்

ஐப்பசி பிறந்ததும் வன்னியில் கமம் செய்யும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். மழை எப்போது வரும்? வந்தால் தொடர்ந்து பெய்யுமா, அல்லது முளையைக் காட்டிவிட்டுப் போய்விடுமா? சொந்த நிலத்தில் விதைப்பவருக்கும், இடம்பெயர்ந்து வந்து பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து விதைப்பவருக்கும் இந்தக் கேள்வி ஒன்றுதான். ஆனால் பிழைத்துப்போனால் இரண்டாமவருக்கு நட்டம் அதிகம். விதைநெல்லும் கடன், உழவுகூலியும் கடன், நிலமும் பிறருடையது.

விசுவமடுப் பக்கத்தில் கமக்காரர் சிலரோடு இருந்து கதைத்தபோது ஓர் ஐயா எம்மிடம் இப்படிக் கேட்டார்: "வடக்கில சில இடங்களில நூறு மில்லிமீற்றர் மழை பெய்யும் எண்டு றேடியோவில சொன்னவை. நானும் யூரியா எறியாமல் மூண்டு நாள் பாத்துக்கொண்டு இருந்தன். எங்கட பக்கம் ஒரு துளி விழேல்லை. முள்ளியவளையில வெள்ளமாம். அப்ப அவை சொன்னது சரியோ, பிழையோ?"

நல்ல கேள்வி. இதற்கு மறுமொழி சொல்வதென்றால், வானிலை எதிர்வுகூறல் எப்படிச் செய்யப்படுகின்றது என்பதை முதலில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அதை விளங்கிக்கொண்டால், எதிர்வுகூறலில் எந்த அளவுக்கு நம்பிக்கை வைக்கலாம், எந்த இடத்தில் நம் சொந்த அனுபவத்தையும் சேர்க்க வேண்டும் என்பது தெரியவரும். இந்தப் பாடம் அதற்காகவே.

வானத்தைப் பெட்டிகளாகப் பிரித்தல்

நமது முன்னோர் தும்பி தாழப் பறப்பதையும், எறும்பு முட்டை சுமப்பதையும், நிலாவைச் சுற்றி வட்டம் போடுவதையும் பார்த்து மழையைக் கணித்தார்கள். இவை அண்மையில் உள்ள வானத்தின் அடையாளங்கள். சில மணிநேரத்துக்கு, கூடினால் ஒரு நாளுக்கு உதவும். நாலு நாளைக்குப் பின்னர் வரப்போகும் மழை இன்று வங்காள விரிகுடாவின் நடுவில் காற்றாகவும் ஈரப்பதனாகவும் இருக்கின்றது. அதைக் காண வேறு கண் வேண்டும்.

அந்தக் கண்ணாக இன்று இருப்பவை பல. தரையில் உள்ள அவதான நிலையங்கள், கடலில் கப்பல்களும் மிதவைகளும், மேலே அனுப்பப்படும் வானிலைப் பலூன்கள், விமானங்கள், எல்லாவற்றுக்கும் மேலே செய்மதிகள். இவை உலகெங்கும் இருந்து காற்று, அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன் ஆகியவற்றின் அளவுகளை ஓயாமல் அனுப்புகின்றன. நமது பக்கத்தில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் நிலையங்கள் உள்ளன. அங்கே காலையில் ஒருவர் மழைமானியைப் பார்த்துக் குறிக்கும் எண்ணும் இந்தப் பெரிய ஓட்டத்தில் ஒரு துளியாகச் சேர்கின்றது.

அடுத்து, பெரிய கணினிகள் உலகைச் சுற்றியுள்ள வளிமண்டலம் முழுவதையும் சிறு சிறு பெட்டிகளாகப் பிரிக்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் இது மீன்வலை விரித்தது போலச் சதுரக் கட்டங்களாகத் தெரியும். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே, அடுக்கடுக்காகப் பெட்டிகள் உள்ளன. ஒவ்வொரு பெட்டிக்கும் காற்று இவ்வளவு, ஈரம் இவ்வளவு, வெப்பம் இவ்வளவு என்று இப்போதைய நிலை கொடுக்கப்படும். காற்று எப்படி நகரும், ஈரம் எப்போது முகிலாகும், முகில் எப்போது மழையாகும் என்பதற்கு இயற்பியல் விதிகள் உண்டு. கணினி அந்த விதிகளின்படி சில நிமிடங்களுக்குப் பிந்திய நிலையைக் கணக்கிடும். பின் அதிலிருந்து அடுத்த சில நிமிடங்கள். இப்படியே பத்து நாள் வரையும் கணக்குப் போகும். இதைத்தான் கணினி மாதிரி என்கிறோம்.

இந்த எண்ணம் கணினிக்கும் முந்தியது. லூயிஸ் றிச்சாட்சன் என்ற ஆங்கிலேயர் இதைக் கையால் கணக்கிட்டுப் பார்த்தார். முதலாம் உலக யுத்தத்தில் பிரான்சில் அம்புலன்ஸ் வண்டியில் பணியாற்றிக்கொண்டே இந்த வேலையைச் செய்தார். ஆறு மணிநேர வானிலையைக் கணக்கிட அவருக்கு ஆறு கிழமை சென்றது. வந்த விடையும் பெரும் பிழை. இடையில், 1917ஆம் ஆண்டுச் சண்டையின்போது அவருடைய கையெழுத்துப் பிரதி தொலைந்துபோய், பல மாதங்களின் பின் பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது. அவர் சோர்ந்துவிடவில்லை. தம் பிழையையும் மறைக்காமல் 1922இல் நூலாக வெளியிட்டார். 1950இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கணினி கொண்டு வானிலையைக் கணக்கிட்டவர்கள் அவர் காட்டிய வழியிலேயே சென்றார்கள். காணி உறுதியையும் பிள்ளைகளின் சான்றிதழையும் ஓட்டத்தில் தொலைத்தவர்கள் நாம். தொலைந்த தாள் ஒன்று கிடைப்பதன் பெறுமதி நமக்குத் தெரியும்.

ஒரு கட்டத்துக்குள் எத்தனை வயல்?

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கணினியின் கட்டம் எவ்வளவு பெரியது?

ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து நடத்தும் நிலையத்தின் மாதிரி உலகில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்று. அதன் கட்டம் ஏறத்தாழ 9 கிலோமீற்றர் அகலம். அமெரிக்காவின் உலக மாதிரிக்கு ஏறத்தாழ 13 கிலோமீற்றர். இந்தியா 2025 மே மாதத்தில் 6 கிலோமீற்றர் கட்டம் கொண்ட மாதிரி ஒன்றைத் தொடக்கியது. நமது வளிமண்டலவியல் திணைக்களமும் வெளிநாட்டு மாதிரிகளைப் பார்ப்பதோடு, இலங்கைக்கென ஒரு மாதிரியைத் தானும் இயக்குகின்றது.

9 கிலோமீற்றர் கட்டம் ஒன்றின் பரப்பு 81 சதுர கிலோமீற்றர். நமது கணக்கில் ஏறத்தாழ 20,000 ஏக்கர். இத்தனை ஏக்கருக்கும் சேர்த்துக் கணினி மழைக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் கொடுக்கும். அந்த எண் சராசரி. 20 மில்லிமீற்றர் என்று கணினி சொன்னால், கட்டம் முழுவதும் சீராக 20 மில்லிமீற்றர் பெய்யலாம். அல்லது காற்பங்கில் 80 மில்லிமீற்றர் கொட்டி, மிகுதி முக்காற்பங்கில் ஒன்றுமே பெய்யாமலும் போகலாம். இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான். ஆனால் கமக்காரருக்கு இரண்டும் ஒன்றல்ல.

இது பருவத்துக்குப் பருவம் வேறுபடும். ஐப்பசியில், வாடைக்காற்று நிலைபெறுமுன், பகல் வெயிலில் தரை சூடேறும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே வரும். காற்றுகள் சந்திக்கும் இடத்தில் இடிமுகில் எழும். அந்த முகிலின் அகலம் சில கிலோமீற்றர்தான். ஒட்டுசுட்டானில் கொட்டும், ஒரு கட்டை அப்பால் புழுதி பறக்கும். இத்தகைய தனி முகிலைப் பெரிய கட்டத்தால் பிடிக்க முடியாது. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் உருவாகி வரும்போது நிலைமை வேறு. அந்த மழை மாவட்டங்களை மூடிப் பெய்யும். அதைக் கணினி பல நாள் முன்னரே காணக்கூடும். ஆனால் தாழமுக்கத்தின் பாதை 50 கிலோமீற்றர் வடக்கே விலகினால் வவுனியாவுக்குச் சொன்ன மழை கிளிநொச்சிக்குப் போய்விடும்.

எதிர்வுகூறுபவர் என்ன செய்கிறார்?

கணினி கொடுப்பது கைக்கு வரும் நெல்லைப் போன்றது. அதைத் தூற்ற வேண்டும், பதர் நீக்க வேண்டும், காயவிட வேண்டும். அதன் பின்பே சோறு. வானிலை அதிகாரியின் பணி இந்தத் தூற்றலும் காயவிடலும்தான். அதில் ஐந்து படிகள் உண்டு.

முதலாவது, கணினியின் தொடக்கத்தைச் சரிபார்த்தல். தாழமுக்கத்தின் மையம் இந்த இடத்தில் இருப்பதாகக் கணினி எண்ணுகின்றது. செய்மதிப் படத்தில் அது சற்றுத் தெற்கே இருக்கின்றது. தொடக்கமே பிழையென்றால் முடிவையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

இரண்டாவது, பல மாதிரிகளை ஒப்பிடுதல். ஒரே மாதிரியையும் தொடக்கத்தைச் சற்றுச் சற்று மாற்றிப் பல தடவை ஓடவிடுவார்கள். ஐரோப்பிய நிலையம் இப்படி 51 கணக்குகள் போடுகின்றது. 51இல் 45 கணக்குகள் வடக்கில் பெருமழை என்றால் நம்பிக்கை கூடும். 10 மட்டும் சொன்னால் குறையும். சாட்சிகள் பலரை விசாரிப்பது போன்றது இது.

மூன்றாவது, பழைய பிழையைக் கழித்தல். மாதிரி ஒன்று ஓர் இடத்தில் எப்போதும் மழையைக் கூட்டிச் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பல ஆண்டுகளாக அது சொன்னதையும் அங்கே மழைமானியில் விழுந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பழக்கம் தெரியும். தராசு எப்போதும் கால் கிலோ கூட்டிக் காட்டினால், காட்டும் நிறையில் கால் கிலோ கழித்துப் பார்ப்போம் அல்லவா? அதே முறைதான்.

நான்காவது, இடத்தின் இயல்பைச் சேர்த்தல். கடற்கரை எங்கே, மேட்டுநிலம் எங்கே, காடு எங்கே, காற்று வடகிழக்காக இருந்தால் முதலில் நனைவது எந்தப் பக்கம் என்பதெல்லாம் அந்தப் பகுதியை அறிந்தவருக்குத் தெரியும். பெரிய கட்டத்துக்குள் இவை மறைந்துபோயிருக்கும்.

ஐந்தாவது, சிறு கட்டங்களாக எழுதுதல். ஐக்கிய அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவையில் 122 பிராந்திய அலுவலகங்கள் உண்டு. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்திலிருந்து அங்குள்ள அதிகாரிகள் வசனமாக எதிர்வுகூறல் எழுதுவதைப் பெரும்பாலும் விட்டு, தம் பகுதியின் கட்டப்படத்தையே கணினித் திரையில் திருத்துகிறார்கள். ஒரு கட்டம் 2.5 கிலோமீற்றர் அகலம், அதாவது ஏறத்தாழ 1,540 ஏக்கர். இந்தப் பள்ளத்தாக்கில் குளிரைக் கூட்டு, அந்தக் கரையில் காற்றைக் கூட்டு என்று வர்ணம் தீட்டுவது போலத் திருத்துவார்கள். அயல் அலுவலகத்தின் எல்லையோடு தம் எல்லை பொருந்துகிறதா என்றும் பார்ப்பார்கள். எல்லைக் கோட்டில் மழை திடீரென்று நிற்பதில்லையே. பின்னர் எந்த ஊருக்கும் உரிய எதிர்வுகூறலை அந்தக் கட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

நமது நாட்டில் பொதுமக்களுக்கு வரும் எதிர்வுகூறல் பெரும்பாலும் மாகாணம், மாவட்டம் என்ற அளவில் வருகின்றது. ஆகவே அதிலுள்ள சொற்களைக் கவனமாகக் கேட்க வேண்டும். "சில இடங்களில் 100 மில்லிமீற்றர்" என்றால், அந்த மாகாணத்தில் எங்கோ சில இடங்களில் அந்த அளவு விழக்கூடும் என்பதே பொருள். எல்லா இடத்திலும் விழும் என்று அவர்கள் சொல்லவில்லை. இப்போது ஐயாவின் கேள்விக்குப் பாதி மறுமொழி கிடைத்துவிட்டது. முள்ளியவளையில் விழுந்தது, விசுவமடுவில் விழவில்லை. எதிர்வுகூறல் பிழைக்கவில்லை.

கைத்தொலைபேசியில் வரும் எண்

இன்று பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஊரின் பெயரைப் போட்டு, "நாளை மூன்று மணிக்கு 4 மில்லிமீற்றர்" என்று காட்டுகிறார்கள். ஊரின் பெயரோடு வருவதால் அது நம் ஊருக்கென்றே யாரோ பார்த்துச் சொன்னது போலத் தோன்றும். பெரும்பாலும் அப்படியல்ல. பெரிய கட்டத்தின் எண்ணை, அல்லது அயற்கட்டங்களுக்கு இடையே பங்கிட்ட எண்ணைக் கணினி தானாகவே நம் ஊரின் பெயருக்குக் கீழே போட்டுவிடுகிறது. மேலே சொன்ன ஐந்து படிகளில் மனிதர் கைபட்ட படி அதில் இல்லாமலும் இருக்கலாம்.

அதற்காக அதை எறிந்துவிட வேண்டியதில்லை. இன்று காட்டிய எண் நாளையும் அதையே காட்டுகிறதா என்று பாருங்கள். மூன்று நாள் தொடர்ந்து ஒரே நாளுக்குப் பெருமழை காட்டினால் கவனம் தேவை. நாளுக்கு நாள் மாறிக்கொண்டிருந்தால் கணினிக்கே நிச்சயம் இல்லை என்று பொருள். அத்தோடு திணைக்களத்தின் தமிழ் அறிக்கையையும் கேளுங்கள். வடக்கின் மழையைப் பற்றி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த நாகமுத்து பிரதீபராஜா பொதுமக்களுக்கு விளங்கும் தமிழில் தொடர்ந்து கருத்துச் சொல்லி வருகிறார். இப்படி இடத்தை அறிந்தவர் சொல்வதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று.

நாம் கண்ட மூன்று பாடங்கள்

2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவும் மறுநாளும் பெய்த கடும்மழையில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் ஏற்பட்டது. இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. இதில் நாம் படிக்க வேண்டியது என்ன? இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவருவது கனகராயன் ஆறு. அது தெற்கே வவுனியாப் பக்கத்தில் தொடங்கி, மாங்குளம் வழியாக வடக்கே வருகின்றது. ஆகவே இரணைமடுவின் கீழ் வயல் செய்பவர் தம் தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. கனகராயன்குளம், மாங்குளம் பக்கத்துக்கு என்ன சொல்லப்படுகிறது என்றும் கேட்க வேண்டும். முத்தையன்கட்டுக்குப் பேராறு, வவுனிக்குளத்துக்குப் பாலியாறு. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு நீரேந்து பகுதி உண்டு. 100 சதுர கிலோமீற்றர் நீரேந்து பகுதியில் 10 மில்லிமீற்றர் மழை விழுந்தால் அது பத்து இலட்சம் கன மீற்றர் தண்ணீர், அதாவது 800 ஏக்கர் அடிக்கு மேல். தரை ஏற்கெனவே ஊறியிருந்தால் அதில் பெரும்பங்கு குளத்துக்கு ஓடிவரும். நம் வயலின் கட்டத்தையும் நம் குளத்தின் கட்டத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. காற்று மணிக்கு 80 முதல் 90 கிலோமீற்றர் வேகத்தில் இருந்தது. பின்னர் அது வடமாகாணத்தின் ஊடாக மன்னார் வளைகுடாவுக்குப் போய், இராமநாதபுரக் கரையோரம் நகராமல் நின்றது. சூறாவளி கடந்துவிட்டதே என்று எண்ணியவர்களுக்கு மழை ஓயவில்லை. வரைபடத்தில் பாதை ஒரு கோடாகத் தெரியும். மழை அந்தக் கோட்டுக்குள் அடங்காது. மெதுவாக நகரும் தாழமுக்கம் வேகமாகக் கடப்பதைவிடக் கூடுதலான மழையைத் தரக்கூடும். ஆகவே எங்கே கரையைக் கடக்கும் என்பதோடு, எவ்வளவு வேகமாக நகர்கிறது என்றும் கேளுங்கள்.

2024 நவம்பர் இறுதியில் வந்தது மூன்றாவது பாடம். நவம்பர் 26, 27ஆம் திகதிகளில் வடக்கிலும் கிழக்கிலும் வயல்கள் வெள்ளத்தில் மூழ்கின. அப்போது அது ஒரு தாழமுக்கம் மட்டுமே. பெங்கல் என்ற பெயர் 29ஆம் திகதிதான் வைக்கப்பட்டது. 30ஆம் திகதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால்தான் சூறாவளி என்று பெயர் வரும். வெள்ளத்துக்கு அந்த அளவு வேண்டியதில்லை. பெயர் வரட்டும் என்று காத்திருப்பவர் நனைந்த பின்பு குடை தேடுபவராவார்.

வீதக் கணக்கும் வயல் வேலையும்

"மழைக்கு 60 வீதம் வாய்ப்பு" என்றால் என்ன? இன்றைப் போன்ற பத்து நாட்களில் ஆறு நாள் மழை பெய்யும், நாலு நாள் பெய்யாது என்று பொருள். இன்று அந்த ஆறில் ஒன்றா, நாலில் ஒன்றா என்று யாராலும் உறுதி கூற முடியாது. எனவே பெய்யுமா, பெய்யாதா என்று கேட்பதோடு நின்றுவிடாமல், பெய்தால் எனக்கு எவ்வளவு நட்டம், காத்திருந்தால் எவ்வளவு நட்டம் என்றும் கேட்க வேண்டும்.

யூரியாவை எடுத்துக்கொள்வோம். எறிந்த அன்றே பெருமழை பெய்து வரம்பு மேவினால் பசளையும் காசும் வாய்க்காலோடு போகும். மூன்று நாள் பிந்தி எறிந்தால் பயிருக்குப் பெரிய கேடு இல்லை. நட்டம் பெரிது, காத்திருப்பின் செலவு சிறிது. இங்கே 30 வீத வாய்ப்பே காத்திருக்கப் போதுமான காரணம். ஆகவே அந்த ஐயா யூரியா எறியாமல் இருந்தது சரியான முடிவு. மழை வராததால் அந்த முடிவு பிழையாகிவிடாது.

புழுதி விதைப்பு வேறு கணக்கு. ஓர் இடிமழையை நம்பி விதைத்து, முளைத்த பின் பத்து நாள் காய்ந்தால் விதைநெல் போய்விடும். இங்கே ஒரு நாளின் மழையைவிட, அடுத்த பத்து நாளின் போக்கே முக்கியம். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி தீர்மானிக்கும்போது இதைக் கேட்க வேண்டும். தை, மாசியில் அரிவி வெட்டும்போது மறுபடி வேறு. வெட்டிய கதிர் நனைந்தால் முளைகட்டிவிடும். இரண்டு நாள் வெயில் உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வெட்டுவது நல்லது. இயந்திரத்துக்குச் சொல்லுமுன் எதிர்வுகூறலைக் கேளுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். வெள்ளம், சூறாவளி எச்சரிக்கை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அங்கே நட்டம் உயிர். போகச் சொன்னால் போக வேண்டும். கிராம அலுவலரிடம் கேளுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு எடுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வாச் சூறாவளி நாடு முழுவதும் நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனதை நாம் கண்டோம்.

ஊர் மாறியவர் இழந்த அறிவு

இடம்பெயர்ந்தபோது நாம் வீட்டையும் மாட்டையும் உழவு இயந்திரத்தையும் இழந்தோம். கணக்கில் எழுதாத இன்னோர் இழப்பும் உண்டு. சொந்த ஊரில் எந்த மூலையில் மின்னினால் மழை வரும், எந்த வாய்க்கால் முதலில் மேவும், எந்தத் துண்டில் தண்ணீர் மூன்று நாள் நிற்கும் என்பது நமக்குக் கைரேகை போலத் தெரிந்திருந்தது. அப்பாவும் பேரனும் சேர்த்து வைத்த அறிவு அது. புது இடத்தில் அந்த அறிவு இல்லை. மேலே சொன்ன நான்காவது படியை, இடத்தின் இயல்பைச் சேர்க்கும் படியை, நம்மால் செய்ய முடியாமற் போனது.

மூன்றாவது படிக்கும் அடி விழுந்தது. யுத்த காலத்தில் வடக்கில் மழைப் பதிவுகள் பல இடங்களில் அறுந்துபோயின. பதிவு இல்லாத இடத்தில் கணினியின் பிழையை எதைக் கொண்டு கழிப்பது?

இந்த இரண்டு இழப்பையும் நாமே மெல்ல மெல்ல ஈடுசெய்யலாம். அதற்கு ஒரு போத்தலும் ஒரு கொப்பியும் போதும்.

செய்து பார்ப்போம்

நேரான பக்கமுள்ள பெரிய பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை எடுங்கள். மேற்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல் போலப் போத்தலுக்குள்ளேயே வையுங்கள். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருந்தால் சிறு கற்களைப் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம்வரை தண்ணீர் விட்டு அங்கே 0 என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே அடிமட்டத்தின் மில்லிமீற்றர் அளவைக் குறியுங்கள். ஒரு மீற்றர் உயரமுள்ள கட்டையில் நிமிர்த்திக் கட்டுங்கள். பக்கத்து மரம் எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு நாளும் காலை 8.30 மணிக்குப் பாருங்கள். திணைக்களமும் அந்த நேரத்திலேயே நாள் மழையைக் கணக்கிடுகிறது. பார்த்த பின் தண்ணீரை மறுபடி 0 கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். மழை இல்லாத நாளுக்கும் 0 என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால், பெய்யாத நாளா, பார்க்காத நாளா என்று பிறகு தெரியாது.

கொப்பியில் ஐந்து நிரல்கள் போதும்: திகதி, எதிர்வுகூறல் என்ன சொன்னது, நம் போத்தலில் எவ்வளவு, காற்று எந்தப் பக்கம், குளத்தின் நீர்மட்டம். போத்தலில் 1 மில்லிமீற்றர் என்றால் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 4,000 லீற்றர் தண்ணீர் விழுந்திருக்கிறது. 25 மில்லிமீற்றர் என்றால் ஓர் இலட்சம் லீற்றர். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். விருப்பத்தோடு செய்யும்.

ஒரு காலபோகம் முடிய, வாடைக்காற்று நாட்களில் சொன்னது எத்தனை தடவை சரிவந்தது, இடிமழை நாட்களில் எத்தனை தடவை தவறியது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு போகத்தைக் கொண்டு முடிவு கட்ட வேண்டாம். மூன்று நாலு போகம் சேர்ந்தால்தான் பழக்கம் தெரியும். அயலில் ஐந்து குடும்பங்கள் ஐந்து இடத்தில் போத்தல் வைத்தால், கணினியின் ஒரு கட்டத்துக்குள் மழை எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதை நீங்களே காண்பீர்கள். கமக்காரர் அமைப்பின் கூட்டத்துக்கு அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். கமநல சேவை நிலையத்தில் காட்டுங்கள்.

மறுபடி ஊர் மாற நேர்ந்தாலும் அந்தக் கொப்பியை எடுத்துச் செல்லுங்கள். சொந்த ஊருக்குத் திரும்பினால், இந்த ஊரில் தொடர்ந்து விதைப்பவரிடம் அதில் ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டுப் போங்கள். நமக்குக் கிடைக்காமற்போனது அவருக்குக் கிடைக்கட்டும்.

குழுவில் கலந்துரையாட

1. நமது வயலுக்குத் தண்ணீர் தரும் குளத்தின் நீரேந்து பகுதி எந்தெந்த ஊர்கள்? அங்கே மழை பெய்து எத்தனை மணிநேரத்தில் குளம் உயர்கிறது?

2. சென்ற காலபோகத்தில் எதிர்வுகூறலைக் கேட்டு நாம் எடுத்த ஒரு முடிவு எது? காத்திருந்த செலவும் தவிர்த்த நட்டமும் எவ்வளவு?

3. இந்த ஊரில் நீண்டகாலம் இருந்த முதியவர் யார்? மழையையும் வெள்ளத்தையும் பற்றி அவரிடம் கேட்டு எழுத வேண்டியவை எவை?

4. நமது பகுதியில் மழைப்போத்தல் வைக்கக்கூடிய ஐந்து இடங்கள் எவை? ஒவ்வொன்றுக்கும் யார் பொறுப்பு?